பிழைக்கு மேலே நாற்பது வரி

சம்மாந்துறை. மாசி.
வயல் முழுக்க ஒரே கிழமையில் அறுத்ததுபோல்
மில் கேற்றுக்கு வெளியே பதினொரு லொறி.
தராசு மேடைக்குப் பின்னால்
தவிட்டுத் தூசி அப்பிய அறையில்
அந்தக் கணினியும் நானும்.

தராசுக்கு வாங்கிய புதுக் கார்டை
பழைய கேர்னலுக்கு அடையாளம் தெரியவில்லை.
"புதுசா ஒண்டு கட்டோணும் ஹாஜியார்."
இஸ்ஸதீன் ஹாஜியார்
சீமெந்து எத்தனை பேக் என்று கேட்டார்.

மெசினுக்கு நினைவகம் போதாது. மெலிய வைக்க வேண்டும்.
லோகிதன் கட்டாருக்குப் போகுமுன் எழுதிய கோப்பைத் திறந்து
வரி வரியாகக் கழித்தேன்.
தலையில் ஒரு ஹாஷ் போட்டால் வரி இறந்துவிடும்.
ஒலி, வேண்டாம்.
வயர்லெஸ், வேண்டாம்.
ஸ்கஸியா? நெல்லு மில்லில் ஸ்கஸிக்கு என்ன வேலை?
ஹாஷ். ஹாஷ்.
கழிக்கக் கழிக்க
ஏதோ கெட்டிக்காரத்தனம் செய்கிற சந்தோசம்.

நாலு வேலையாய்ப் பிரிந்து ஓடு என்று விட்டேன்.
இஷாவுக்குப் பின் தொடங்கியது
நடுச்சாமத்தில் நின்றது.
பிழை ஒன்று. நிறுத்தம்.
அவ்வளவுதான்.
கடைசி வரி மௌத்தை மட்டும் அறிவிக்கும்,
என்ன வருத்தம் என்று சொல்லாது.

வட்டு நிறைந்துவிட்டதோ? இல்லை.
கடிகாரம் பின்னால் ஓடுதோ? இல்லை.
கோபத்தில், கட்டியதையெல்லாம் கழுவித் துடைத்து
முதலிலிருந்து மறுபடி ஓடவிட்டேன்,
எதையும் மாற்றாமல்.
அதைச் செய்தவள் நான்தான்,
எழுதத்தான் வேண்டும்.

சுபஹு பாங்கோடு அதே இடத்தில்
அதே பிழை.

சாக்கின்மேல் படுத்திருந்த திருக்கோவில் தங்கேஸ்வரன்
கண்ணைத் திறக்காமலே கேட்டான்:
"என்னகா, அரிசியாக்கிப்போட்டுத்தான் நிறுப்பீங்களோ?"

மறுகாதான் உட்கார்ந்தேன்.
நாலு கை ஒன்றாய் எழுதினால்
யார் பிழை விட்டார் என்று திரைக்கே தெரியாது.
ஒரு கையாக்கினேன். எதையும் கழுவவில்லை.
சொல்வதையெல்லாம் ஒரு கோப்பில் பிடித்து
கடைசியிலிருந்து மேலே ஏறினேன்.
பத்து வரி. இருபது.
நாற்பதாவதில் இருந்தது:
ஒரு பெயரைக் கூப்பிடுகிறது,
அந்தப் பெயரில் இங்கே யாருமில்லை.

கூப்பிட்டது பென்டிரைவ்.
முபஸ்ஸிர் ஒவ்வொரு மாலையும்
கணக்கை ஏற்றிக்கொண்டு கல்முனைக்குப் போவானே,
சாவிக் கோர்வையில் தொங்கும்
அந்தச் சின்னப் பண்டம்.
அது தன்னைப் பெரிய வட்டென்று நினைத்து
ஸ்கஸியின் பாஷையில்தான் பேசுமாம்.
பேச ஆளில்லாமல் செய்தது நான்.

அந்த வரிக்குப் பக்கத்திலேயே
லோகிதன் எழுதி வைத்திருக்கிறான்:
'ஸ்கஸி, வட்டு, இரண்டும் இதற்குத் தேவை.'
நான் வாசித்தேன்தான்,
பஸ்ஸில் 'கையை வெளியே நீட்டாதே' என்பதை வாசிப்பதுபோல்.

இரண்டு ஹாஷை எடுத்தேன்.
இருபது நிமிடம்.
பழைய கேர்னலை வேறு பெயரில் ஒதுக்கி வைத்தேன்,
கூப்பிட்டால் வருவதற்கு.
இயந்திரம் அணைந்து, எழுந்து,
வெள்ளை எழுத்துகள் ஓட ஓட
ஓரிடத்தில் புதுக் கார்டின் பெயர்.
கத்தவில்லை. தேத்தண்ணி ஆறிப் போயிருந்தது,
குடித்தேன்.

முதல் லொறி தங்கேஸ்வரனுடையது.
வெற்று வண்டி எடைக்கு
போன போகத்தைவிட அறுபத்தெட்டுக் கிலோ கூட.
"சில்மியா! பிழைக்குதே!" என்றார் ஹாஜியார்.
என் கை விசைப்பலகைக்குப் போனது,
பாதியில் நின்றது.
எழும்பி யன்னலால் எட்டிப் பார்த்தேன்.

மேடையின் ஓரத்தில்
கிளீனர் பொடியன் சாய்ந்து நின்று
போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.